சக்கரம் நகர்ந்ததிலிருந்து

பதினேழு இடத்துக்கு எழுதினேன்.
பதினான்கு பேர் பதில் போடவில்லை.
இரண்டு பேர்
ஆயிரம் மணி நேரம் பறந்துவிட்டு வரச் சொன்னார்கள்,
பாசாரில் கிலோவாய் நிறுத்துத் தருவதுபோல.
மிச்சமிருந்த ஒருவர்
தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்:
"மோட்டார் ஓட்டுவீங்களா? பஸ் இந்தப் பக்கம் வராது."

சுங்கை மெராந்தி.
ஒரு பெட்ரோல் நிலையம், இரண்டு அடகுக் கடை,
ஒரு முனீஸ்வரர்,
பிறகு செம்பனை,
பிறகும் செம்பனை,
நடுவில் அழிரப்பரால் யாரோ தேய்த்துவிட்டதுபோல்
எழுநூறு மீட்டர் தார்.
ரப்பர் சீட்டுக்குப் புகைபோட்ட பழைய கொட்டகையில்
இரண்டு செஸ்னா.
ஒன்று பறக்கும்.
மற்றது அதற்கு உதிரிபாகம் கொடுத்தபடி நிற்கும்.

கேப்டன் ஜமாலுடின் என்னைவிட ஆறு வயது இளையவர்.
பதினோரு வருடம் விமானத்தில் நாசி லெமாக் பரிமாறிவிட்டு
நாற்பதில் இறக்கை வாங்கியவளின் லாக்புக்கை
அவர் படிக்கவில்லை.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
நீலம், கறுப்பு, ஒரு பக்கம் பச்சை,
மழையில் ஊறிய ஒரு மார்ச் மாதம்.
"ஒரே மையா இருந்தா அனுப்பியிருப்பேன்," என்றார்.
"ஒரே ராத்திரியில பறந்தவங்களை நிறையப் பார்த்தாச்சு."

பிறகு வலது இருக்கையை எனக்குக் கொடுத்து
தாம் மாணவனானார்.
மோசமான மாணவன்.
இரண்டாயிரம் அடியில்
மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார்.
எச்சரிக்கை ஊதல் பசித்த பிள்ளைபோல் அழுதது.
"முன்னால் தள்ளுங்கள்."
தள்ளவில்லை.
"முன்னால்."
தள்ளவில்லை.
நான் என் கைகளின்மேல் உட்கார்ந்திருந்தேன்.
இடது இறக்கை விழுந்தது,
கண்ணாடி முழுக்கச் செம்பனை,
அப்போதுதான் வாங்கினேன்.
தரைக்கு வந்ததும் சொன்னார்:
"ஒரு நொடி தாமதம். பரவாயில்லை.
முந்தியிருந்தாத்தான் வேலை இல்லை."

மணிக்கு அறுபது வெள்ளி.
சக்கரம் நகர்ந்ததிலிருந்து சக்கரம் நிற்கும்வரை.
வெள்ளைப் பலகையில் காற்றை வரைந்து காட்டும் நேரத்துக்கு இல்லை.
மாணவன் வராவிட்டால் இல்லை.
ஓடுபாதையில் மாடு படுத்துவிட்டால்
அதை எழுப்பும் நேரத்துக்கு இல்லை.
மழை என்றால் இல்லவே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன்.
அந்தப் பக்கம் சட்டியை இறக்கிவைக்கும் சத்தம்.
இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவள்.
"மழைக்குச் சம்பளம் இல்லையா?"
"இல்லம்மா."
"ம்."
கொஞ்ச நேரம் எண்ணெய் மட்டும் பேசியது.
"மணி எழுதுறப்ப பக்கத்திலேயே நில்லு.
கிராணி கை எப்பவும் தராசு மேலதான் சாயும்."

முதல் மாணவர் தவுக்கே செங்.
ஐம்பத்தெட்டு வயது, குலை ஏற்றும் லாரி ஏழு.
லாரி ஸ்டேரிங்கைப் பிடிப்பதுபோலவே பிடித்தார்,
ஒரு முழங்கை ஜன்னலுக்கு வெளியே இருப்பதுபோல.
இடதுபக்கம் திரும்பினோம்.
கீழே ஆலை, புகை,
வாசலில் வரிசையாய் அவர் லாரிகள்.
"ஆறுதான் இருக்கு!"
விமானத்தை மறந்தார்.
"ஏழாவது எங்கே?"
மூக்கு மெல்ல இறங்கியது.
காற்றின் குரல் மாறியது.
என் கைகள் மடியில்.
ஒன்று, எண்ணினேன்.
இரண்டு.
மூன்றைச் சொல்வதற்குள்
அவர் முதுகு நிமிர்ந்தது.
என்னவென்று தெரியாமலே,
வண்டி பள்ளத்தில் இறங்குவதை உடம்பு சொல்ல,
தாமே தூக்கினார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
அந்த இரண்டு எண்ணுக்குத்தான்
அறுபது வெள்ளி என்று பட்டது.

மேற்கே மலை மறைந்துகொண்டிருந்தது.
இறங்கினோம், இருமுறை குதித்து.
எழுதுகிற பெண் நோர்லிசா
பூஜ்யம் புள்ளி ஏழு என்று எழுதினாள்.
நான் பக்கத்தில் நின்றேன்.
"எட்டு," என்றேன்.
கடிகாரத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
அடித்துத் திருத்தினாள்.
தகரக் கூரையில் முதல் துளிகள்.
கொட்டகை வாசலில் தவுக்கே
தொலைபேசியைக் காதோடு நெரித்து
ஏழாவது லாரியை
இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.